பரஸ்தானம் போன கார்

கோர்படி, புனே
வியாழக்கிழமை

மகாராஜராஜஸ்ரீ மச்சினர் சந்தானம் அவர்கள் சமூகத்துக்கு, சந்திரமௌலி அநேக நமஸ்காரம். இங்கே நானும் உங்கள் தங்கை அபயாம்பாளும் குழந்தை அம்ருதாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசு எப்படி என்பது கீழே வருகிறது. தில்லைநகரில் நீங்களும் மன்னியும் சௌக்கியமாக இருக்க வேண்டும், உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்க வேண்டும், அதுவும் ரயில் ஏறவும் கல்யாணப் பெண்ணைத் தோளில் தூக்கவும் தோதாகக் குறைந்திருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது அபயம் வேண்டிக்கொள்கிறாள்.

இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று நீங்கள் மூக்கின்மேல் விரலை வைக்கலாம். வேறு வழி வைக்கவில்லையே நீங்கள். என் போனை எடுப்பதில்லை, கூடப்பிறந்தவள் போனையும் எடுப்பதில்லை, குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்தும் விலகிவிட்டீர்கள். நீங்கள் போனபிறகு குழு வெறிச்சோடிக் கிடக்கிறது. எந்த எண்ணெயில் கலப்படம், எந்த மாத்திரை போலி, எதைத் தொட்டால் பேங்கில் இருக்கிற பணம் பறந்துபோகும் என்று விடிந்ததும் சொல்ல ஆளில்லை. நிச்சயதார்த்தத்தன்று காலையில்கூட, சர்க்கார் பெயரில் மராத்தியில் வருகிற மோசடிச் செய்தி என்று ஏதோ ஒன்றைப் போட்டு எல்லோரையும் எச்சரித்தீர்கள். இருந்த அமளியில் நான் அதை முழுசாகப் படிக்கவில்லை என்றாலும் வழக்கம்போல் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டேன். முப்பது வருஷம் பேங்கில் இருந்தவர், அதில் பாதி இந்த ஊரிலேயே இருந்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற மரியாதை எனக்கு எப்போதும் உண்டு.

நீங்கள் குழுவைவிட்டுப் போவதற்குமுன் கடைசியாக அனுப்பிய குரல் செய்தியை அபயம் இதுவரை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று சொல்ல முடியாது. "என் மருமாளுக்குப் போலீஸ் கொட்டடியில நிச்சயதார்த்தம் பண்ணியிருக்கேள். இதுக்குக் காரணமானவன் எவனோ, அவன் என் தங்கை முன்னாடி வந்து நின்னு மன்னிப்புக் கேக்கணும். அப்பதான் நான் கல்யாணத்துக்கு வருவேன்." இதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுகிறது, அல்லது விழுவதே இல்லை. நான் அப்படியே சாப்பிட்டுவிடுகிறேன். குழந்தை அம்ருதாவோ, மாலை மாற்றும்போது தூக்குவதற்கு யாராவது பெரியப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதற்கு, "மாமா வரலேன்னா எனக்கு மாலையே வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முழங்கால் வலியால் நீங்கள் நிச்சயதார்த்தத்துக்கு வர முடியவில்லை, உங்கள் காதுக்கு எட்டியது துண்டும் துணுக்கும். நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவிட்டுப் படியுங்கள். உங்கள் ஊரில் ஓரமாக நிறுத்த இன்னும் யாரும் கேள்வி கேட்பதில்லை அல்லவா.

திங்கட்கிழமை என்று நாள் குறித்தது நீங்கள். ஒன்பதேகாலுக்குமேல் பத்தேகாலுக்குள் ஹடப்சரில் சம்பந்தி வீட்டில் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முகூர்த்தம் வைத்ததும் நீங்கள். ஏழரையிலிருந்து ஒன்பதுவரை ராகுகாலம், அந்த நேரத்தில் வாசல்படி தாண்டக்கூடாது, ஒன்பதுக்குமேல் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரமாட்டோம், அது போதாதென்று திங்கட்கிழமை கிழக்கே சூலம், ஹடப்சர் எங்களுக்குக் கிழக்கே. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "கவலைப்படாதீங்கோ மாப்பிள்ளை, ஏழரைக்குள்ள பரஸ்தானம் வெச்சுடுங்கோ, சூலத்துக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன் தயிர்" என்று வழியையும் சொன்னீர்கள். உங்கள் பேச்சைத் தட்டுவேனா. தட்டுகளையெல்லாம் நல்ல நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே அனுப்பி, போகிற திசையில் ஒரு வீட்டில் வைத்துவிட்டால் பிரயாணம் தொடங்கிவிட்ட மாதிரிதான், அப்புறம் ஆட்கள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை, ஆனால் வெளியே போன சாமான் மறுபடி வீட்டுக்குள் வரக்கூடாது. இதுதானே பரஸ்தானம். வழக்கமாக நாங்கள் எதிர்வீட்டு மராத்திக்காரத் தீப்தி வஹினியிடம்தான் கொடுத்துவைப்போம். அவளும் பாவம், இந்த மதராஸிகள் ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டியை ஏன் நம் வீட்டில் ஒரு இரவு தூங்கவைக்கிறார்கள் என்று கேட்காமல் வாங்கிவைத்துக்கொள்வாள். அன்றைக்கென்று பார்த்து அவர்கள் குடும்பத்தோடு சதாராவுக்குப் போய்விட்டார்கள். கதவில் பூட்டு.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. தட்டுகளைக் காரில் ஏற்றி, காரையே எங்கள் குடியிருப்பு சோசைட்டி கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கிழக்குமுகமாகத் தெருவில் நிறுத்திவிட்டால் பரஸ்தானம் ஆயிற்று, சுமக்கிற வேலையும் மிச்சம். நீங்கள் இந்த ஊரைவிட்டுப் போகும்போது, இது ராசியான வண்டி மாப்பிள்ளை என்று எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அதே வெள்ளைக் கார். பதினோரு தட்டு, பூ, பழம், வெற்றிலை பாக்கு, மாப்பிள்ளைக்கு எடுத்த வேஷ்டி, ஜிகினாத் தாள் சுற்றிக் கூம்பாக நிற்கிற பருப்புத்தேங்காய்க் கூடு இரண்டு, முன் சீட்டில் மஞ்சள் பிள்ளையார். எல்லாவற்றையும் ஏற்றி, ஏழரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கேட்டைத் தாண்டிவிட்டேன். அபயம் ஆரத்தி எடுக்காத குறை.

நீங்கள் இருந்தபோது இருந்த தெரு இல்லை இது. இப்போது ஓரம் முழுக்க வெள்ளைக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எண் எழுதி, கம்பத்துக்குக் கம்பம் கேமரா மாட்டியிருக்கிறார்கள். வண்டி வந்து நின்றால் கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று கணக்கு வைக்கும், நேரம் முடியும்போது சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பும், அப்படியும் எடுக்காவிட்டால் தூக்குகிற வண்டி வந்துவிடும். எல்லாம் டிஜிட்டல். நான் நிறுத்தியதும் பெரிய மீசைக்காரர் ஒருவர் பச்சைச் சட்டையும் கையில் ஒரு மிஷினுமாக வந்தார். இது கொஞ்ச நேரம் நிற்பதற்கான இடம், செயலியில் பதிவு செய்தால் நேரத்தை நீட்டிக்கலாம், செய்யுங்கள் காகா என்றார். சித்தப்பாவைக் கூப்பிடுகிற மரியாதையோடுதான் சொன்னார். செய்தேன். வண்டி நம்பரைப் போட்டதும், ஓடிபி வரும் என்றது செயலி. வரவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் வரவில்லை. சரி, வண்டியை உள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடுங்களேன், கேட் பத்தடியில்தானே இருக்கிறது என்றார் மீசைக்காரர். எப்படிக் கொண்டுபோவது? பரஸ்தானம் திரும்பி வரலாமா?

இதை அவருக்கு என் ஹிந்தியில் விளக்க முயன்றேன். என் ஹிந்தி உங்களுக்குத் தெரியும், டிபென்ஸ் அக்கவுண்ட்ஸில் இருந்தபோதே அதைக் கேட்டுத் துறை பாதுகாப்புக்கு ஆபத்து என்பார்கள். இந்த வண்டி போய்விட்டது, ஆனால் போகவில்லை, நாங்களும் வண்டியோடு போய்விட்டோம், ஆனால் உள்ளே தயிர் சாப்பிடப்போகிறோம் என்றேன். அவர் பதிலுக்கு மிஷினை நீட்டினார். அதில் இரண்டு பொத்தான்தான் இருந்தது, வந்தது என்று ஒன்று, போனது என்று ஒன்று. பரஸ்தானத்துக்குப் பொத்தான் இல்லை. கடைசியில் அவரே, பரவாயில்லை காகா, தூக்குவதற்கு முன்னால் எப்படியும் மூன்று தடவை செய்தி வரும், முதல் செய்தி வந்ததும் இறங்கி வந்து எடுத்துவிடுங்கள் என்று சமாதானம் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். நானும் நிம்மதியாக மேலே வந்தேன். ராகுகாலம் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தயிரைக்கூட இடது கையில் போனோடுதான் சாப்பிட்டேன். ஒரு செய்தி வரவேண்டுமே! உங்கள் எச்சரிக்கை ஒன்றைத் தவிர என் போனில் அன்று காலை ஒரு ஈ காக்கை வரவில்லை.

ஒன்பது அடித்ததும் பட்டும் ஜரிகையுமாக இறங்கி வந்தோம். கட்டம் இருந்தது, கட்டத்தின் எண் இருந்தது, கார் இல்லை. நான் கட்டத்துக்குள் இறங்கி நின்று பார்த்தேன், என்னவோ நான் நின்றால் அது திரும்ப வந்துவிடும்போல. உங்கள் தங்கை என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரஸ்தானம்னு வெச்சேள். அது நெஜமாவே போயிடுத்து" என்றாள். அம்ருதா போனில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தாள். தூக்கிய வண்டிகளை வைக்கிற மைதானம் ஹடப்சரில், சம்பந்தி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. குழந்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பா, நம்ம தட்டு நமக்கு முன்னாடியே மாப்பிள்ளையாத்துப் பக்கம் போயாச்சு" என்றாள். ரிக்ஷா பிடித்து மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். வழியில் அபயம் கேட்டது ஒன்றுதான், பிள்ளையார் குப்புற விழுந்திருப்பாரோ என்று.

விழவில்லை. முன் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நூறு வண்டிக்கு நடுவே நம் வண்டி நல்ல அடக்கமாக நின்றுகொண்டிருந்தது, கண்ணாடி வழியாகத் தட்டெல்லாம் தெரிந்தது. அந்த மைதானத்துக்குப் பொறுப்பு ரீனா என்று ஒரு அம்மாள். கண்டிப்பானவள், ஆனால் கத்தாதவள். வண்டி கேட்டைத் தாண்டவேண்டுமென்றால் பதிவான போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றாள். நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. மறுபடி அனுப்பினாள். வரவில்லை. போனை அணைத்துப் போட்டேன், உயரத் தூக்கிப் பிடித்தேன், கிழக்கே திரும்பி நின்றேன். ஊஹூம். ஓடிபி இல்லாமல் வண்டியை விட எனக்கு அதிகாரம் இல்லை காகா, ஆர்.சி. புத்தகமும் ஆதாரும் கொண்டுவந்தால் நாளைக்கு விடலாம் என்றாள். முகூர்த்தமோ கரைந்துகொண்டிருந்தது. சரி, தட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றால், வண்டிக்குள் இருக்கிறது வண்டியைச் சேர்ந்தது, கேட்டைத் தாண்டக்கூடாது என்றாள். அபயம் அப்போதுதான் அழுதாள். மச்சினரே, இருபத்தெட்டு வருஷத்தில் அவள் நாலு பேர் முன்னால் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் கேட்டில் ஒரு கூட்டம். அம்ருதா மாப்பிள்ளைக்குப் போன் செய்திருக்கிறாள். ஹரிபிரசாத் பட்டு வேஷ்டியோடு ஸ்கூட்டர் ஓட்டிவர, பின்னால் சாஸ்திரிகள், அதற்குப் பின்னால் சம்பந்தியும் சம்பந்தி அம்மாள் கனகவல்லியும் உறவுக்காரர்களும் தட்டும் கையுமாக நடந்தே வந்துவிட்டார்கள். இரண்டு தெருதானே. சம்பந்தி அம்மாள் நேரே போய் அபயத்தின் கண்ணைத் தன் தலைப்பால் துடைத்தாள். பிறகு ரீனாவிடம் திரும்பி, பெரிய சண்டைக்குத்தான் போகிறாள் என்று நான் நினைத்தேன், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது, சரி. வெளியே இருப்பவர்கள் உள்ளே வரலாமா? ரீனா யோசித்தாள். அதற்குத் தடை ஒன்றும் இல்லை என்றாள். சாவி என்னிடம் இருந்தது. கதவைத் திறந்தோம். நம் காரின் பானட்டைத் துடைத்து, அதன்மேல் ஜமுக்காளத்துக்குப் பதில் சம்பந்தி மேல்வேஷ்டியை விரித்து, பிள்ளையாரை வைத்து, சாஸ்திரிகள் லக்ன பத்திரிகை வாசித்தார். இடையிடையே ஒலிபெருக்கியில் யாருடைய வண்டி எண்ணையோ மராத்தியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதற்கும் சாஸ்திரிகள் ததாஸ்து சொல்லிவிட்டார். பருப்புத்தேங்காய்க் கூட்டை இறக்கிவைத்த இடத்துக்குப் பக்கத்தில் டிராபிக்காரர்கள் தெருவில் வைக்கிற கூம்பும் வரிசையாக இருந்ததால் ஒருவர் நமதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகப்பார்த்தார், நல்லவேளை ஹரிபிரசாத் பார்த்துவிட்டான். பத்தேகாலுக்குள் தட்டு மாற்றியாயிற்று. ரீனாவுக்கு அபயம் ரவிக்கைத் துணியும் தேங்காயும் வைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்ணும் தலைகுனிந்து குங்குமம் இட்டுக்கொண்டாள். ஆனால் காரை விடவில்லை.

இதுதான் நடந்தது. போலீஸும் இல்லை, கொட்டடியும் இல்லை. அங்கே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிய மகானுபாவன் யாரோ, பின்னால் இருந்த கம்பிவேலியை மட்டும் நன்றாக எடுத்துவிட்டான். இப்போது நீங்களே சொல்லுங்கள், உங்கள் சாஸ்திரத்தில் எது குறைந்தது? சாமான் நல்ல நேரத்தில் வாசலைத் தாண்டியது. திரும்பி வீட்டுக்கு வரவில்லை. போகவேண்டிய திசையிலேயே போயிற்று. ஆட்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. சம்பந்தி வீட்டு எல்லையிலேயே காத்திருந்தது. ராகுகாலம் முழுக்க நாங்கள் தயிரும் கையுமாக வீட்டுக்குள்தான் இருந்தோம். இவ்வளவு சுத்தமாகப் பரஸ்தானம் நம் வம்சத்தில் யாருக்கும் நடந்திருக்காது என்றுகூட நான் சொல்லுவேன், நீங்கள் கோபத்தில் இருப்பதால் சொல்லவில்லை.

குற்றம் என்று சொன்னால் அந்த டிஜிட்டல்காரர்கள் மேல்தான். மூன்று செய்தி வரும் என்றார்கள். ஒன்று வந்ததா? ஓடிபி வரும் என்றார்கள். வந்ததா? வண்டி எனக்குச் சொந்தம், போன் என் கையில், செய்தி மட்டும் ஆகாசத்தில். இதைப்பற்றிப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன், ஆங்கிலத்தை நீங்கள்தான் திருத்திக்கொடுக்க வேண்டும். அவர்கள் யாராவது வந்து அபயம் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டால்தான் வருவேன் என்றால், கேமரா எப்படி ஐயா நடந்து வரும்? கல்யாணம் தை மாசம். அவளுக்கு இருப்பது நீங்கள் ஒரு அண்ணா. குழந்தைக்கு இருப்பது நீங்கள் ஒரு மாமா. எனக்கு வாதாடத் தெரியாது. நீங்கள் வராவிட்டால் எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கல்யாணம் கல்யாணமாக இருக்காது. தயவுசெய்து வரவும்.

மன்னிக்கு நமஸ்காரம். பேரக்குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். வாசல் மாமரத்துக்கு இந்த வருஷமாவது காய்க்கும்படி என் சார்பில் ஒரு செம்பு தண்ணீர் விடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சந்திரமௌலி

பி.கு.: மேலே கண்டதை எழுதி, உறைக்குள் போட்டு, ஒட்டப்போகும்போது ஹரிபிரசாத் வந்தான். மறுநாளே காரை மீட்டுவந்தவன் அவன்தான், ஆனாலும் ஓடிபி ஏன் வரவில்லை என்பது அவனுக்குப் பொறுக்கவில்லையாம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் பல்லில் மாட்டிய பாக்கு. வண்டியோடு பதிவான போன் எண்ணின் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் என்று எடுத்துக் காட்டினான். என்னுடையது இல்லை. அபயம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஏன்னா, இது அண்ணாவோட நம்பர்" என்றாள். வண்டியை என் பேருக்கு மாற்றினோமே தவிர போன் எண்ணை மாற்றவேண்டும் என்று உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அம்ருதா உடனே குடும்பக் குழுவில் அன்று காலை நீங்கள் போட்டதைத் தேடி எடுத்தாள். இந்தத் தடவை முழுசாகப் படித்தோம். "எனக்குக் காரே கிடையாது. கார் இல்லாதவனுக்கு, காரை உடனே எடு, இல்லாவிட்டால் தூக்கிவிடுவோம் என்று மராத்தியில் மூன்று தடவை செய்தி. கேட்காமலே ஓடிபி வேறு. சர்க்கார் எங்கேயாவது முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்யுமா? அதிலேயே தெரிகிறது மோசடி என்று. யாரும் ஏமாற வேண்டாம்." அதற்குக் கீழே என் கைகூப்பு.

ஆகவே டிஜிட்டல்காரர்களைப்பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். பத்திரிகைக்கும் எழுதவில்லை. அபயம் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுத் தீப்தி வஹினி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். இன்று இரவு ரசத்தில் உப்பு சரியாக இருந்தது, அவளும் இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டாள்.

காரணமானவர் யார் என்று தெரிந்துவிட்டபடியால், அவர் வந்து உங்கள் தங்கை முன்னால் நின்றால்தான் நீங்கள் கல்யாணத்துக்கு வருவேன் என்று சொன்னதை நினைவுபடுத்துகிறேன். நீங்கள் சொன்ன சொல் மாறாதவர். அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வரவும். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு டிக்கெட் போதும், மன்னிக்கு ஒன்று. ஸ்டேஷனுக்குக் காரோடு வருவேன். எண்ணை இன்னும் மாற்றவில்லை, அதனால் நான் எங்கே நிறுத்தியிருக்கிறேன் என்று செய்தி உங்களுக்குத்தான் வரும், இந்தத் தடவை நம்பவும். அவர் மன்னிப்புக் கேட்கும்போது தனியாக நிற்கவேண்டுமே என்று சங்கடப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பக்கத்தில் நானும் நிற்கிறேன். அன்றைக்குக் கைகூப்பியவன் நான்தானே.